அனந்தம் போய்விட்டால்

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் அந்த நாளில் எந்தத் தமிழ் வீட்டில் கல்யாணம் நிச்சயமானாலும், பந்தல்காரனுக்குச் சொல்லி அனுப்புகிறதற்கு முன்னால் ஜகதாம்பாள் வீட்டு வாசலில் யாராவது வந்து நிற்பார்கள். "உங்க மூத்த நாட்டுப்பொண்ணை ஒரு நாலு நாள் அனுப்பிக்கணும் மாமி" என்பார்கள். ஜகதாம்பாள் உடனே சரி என்று சொல்லிவிட மாட்டாள். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு கொஞ்சம் யோசிப்பாள். "அனந்தம் போயிட்டா இங்க வீடு என்ன ஆறது?" என்பாள். பிறகுதான் அனுப்புவாள். அப்படி நாலு பேர் முன்னால் சொல்லிக்கொள்வதில் அவளுக்கு ஒரு பெருமை.

மூத்த மருமகள் அனந்தலக்ஷ்மி அத்திபெலே சுங்கச்சாவடி குமாஸ்தாவின் பெண். பாவாடைப் பருவம் தாண்டுகிறதற்குள் தாலி கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவள். வந்த வருஷமே பெயர் வாங்கிவிட்டாள். மாமனார் கச்சேரியில் பெரிய உத்தியோகம். ஒரு நாள் மத்தியானம், வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு அடுப்பை அணைத்து மெழுகின பிறகு, மைசூரிலிருந்து வந்த சிநேகிதர்கள் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார். ஜகதாம்பாளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்தக் குச்சிப் பெண் அடுப்பை மூட்டி, இருந்த மோரையும் கொல்லைக் கீரையையும் வைத்துக்கொண்டு, வந்தவர்கள் கைகால் அலம்பிப் பேசி முடிக்கிறதற்குள் இலை போட்டுவிட்டாள். சாப்பிட்டுவிட்டுப் போகும்போது ஒருவர், "உங்க நாட்டுப்பொண் சாமர்த்தியக்காரி" என்றார். அந்தப் பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

அவளுடைய சாமர்த்தியம் காதில் இருந்தது என்று சொல்ல வேண்டும். கூடத்தில் உட்கார்ந்து பூத் தொடுத்துக்கொண்டே அடுப்பில் பால் விளிம்புக்கு வருவதைக் கேட்டுவிடுவாள். கிணற்று ராட்டினம் கிறீச்சிடுவதிலிருந்து யார் தண்ணீர் இறைக்கிறார்கள் என்று சொல்லுவாள். கோயிலில் கதாகாலட்சேபத்துக்குப் போனால் முதல் வரிசையில் உட்காருவாள். ஆனால் கால் கட்டைவிரல் ஆடிக்கொண்டே இருக்கும். ராமர் காட்டுக்குப் போகிற இடத்தில் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அனந்தம் மாவு புளித்துவிடுமே என்று எழுந்து வந்துவிடுவாள்.

மாமனார் காலமானார். ஜகதாம்பாளுக்குக் கண்ணில் புரை விழுந்தது. ஆள் உருவம் தெரியும், முகம் தெரியாது. சமையலறை நிலைப்படியில் மணையைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, வாசனையை வைத்தும் சத்தத்தை வைத்தும் அதிகாரம் செய்தாள். அதிகாரம் அவளுடையது, வேலை அனந்தத்தினுடையது. இரண்டாவது பிள்ளை வெங்கடராமன் அட்டாரா கச்சேரியில் குமாஸ்தா. அவனுக்கு மைசூரிலிருந்து ருக்மிணி வந்தாள். வந்த மாதமே வீட்டிலிருந்த பழைய கல்சட்டியைக் கீழே போட்டு உடைத்தாள். கல்சட்டி என்றால் சாதாரணம் இல்லை, ஜகதாம்பாள் கல்யாணத்துச் சீர். அனந்தத்துக்குச் சாமர்த்தியக்காரி என்ற பெயர் ஒட்டிக்கொண்டதைப் போல, ருக்மிணிக்கு அசடு என்ற பெயர் ஒட்டிக்கொண்டது.

அனந்தத்தின் கணவன் சேஷகிரி வீட்டுக்கு மூத்தவன். பத்ராவதி இரும்பாலையில் வேலை. போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. அங்கே நாலு பேரோடு ஒரு அறை, ஹோட்டல் சாப்பாடு, வயிற்றில் எப்போதும் ஒரு எரிச்சல். பண்டிகைக்கும் திவசத்துக்கும் வருவான். வந்த இரண்டாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவான். அனந்தத்துக்குக் குழந்தை இல்லை. எதிர்வீட்டு மாமி ஒரு நாள் சிரித்துக்கொண்டே, "புருஷன் அங்க இரும்பு காய்ச்சறான், நீ இங்க பால் காய்ச்சறே. அப்பறம் தொட்டில் எங்கேர்ந்து ஆடும்?" என்றாள். அனந்தமும் கூடச் சிரித்துவிட்டு உள்ளே வந்தாள். அன்றைக்குப் பூராவும் அவள் எந்த வேலையையும் உட்கார்ந்து செய்யவில்லை.

அந்த ஆடியில் சேஷகிரி வந்தபோது, ஆலையில் வீடு கொடுக்கிறார்கள் என்று சொன்னான். இரண்டு அறை, தனிக் குழாய். ஆனால் குடும்பத்தோடு வருகிறவனுக்குத்தான். ஐப்பசிக்குள் அழைத்துக்கொண்டு வராவிட்டால் வரிசையில் அடுத்தவனுக்குப் போய்விடும்.

ஜகதாம்பாள் மணையில் உட்கார்ந்தபடியே கேட்டாள். "நல்லதுதான்டா. ஆனா இவ போயிட்டா இங்க வீடு என்ன ஆறது? எனக்குக் கண் தெரியலை. ருக்மிணி கையில விட்டா தெனம் ஒரு சட்டி ஒடையும்."

அம்மாவிடம் சேஷகிரி எப்போதுமே எதிர்த்துப் பேசினதில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான்.

கல்யாண வீடுகளில் கேட்ட அதே வார்த்தைதான். இதுவரை அதைக் கேட்டால் அனந்தத்துக்கு உள்ளே கொஞ்சம் குளிர்ந்துபோகும். இந்தத் தடவை அப்படிக் குளிரவில்லை. இரண்டு மூன்று நாள் யோசித்தாள். வேலை தெரிந்தவள் என்றுதானே விட மாட்டேன் என்கிறார்கள்? தெரியாதவளாக ஆகிவிட்டால்?

மறுநாள் காலையில் பாலை அடுப்பில் வைத்துவிட்டு, பொங்கி வழியட்டும் என்று கொல்லைக்குப் போனாள். துளசிக்குத் தண்ணீர் விட்டாள். விடும்போதே உள்ளே பால் கூடி வருகிற சத்தம் கேட்டது. சொம்பைப் போட்டுவிட்டு ஓடி வந்து பாத்திரத்தை இறக்கின பிறகுதான் இறக்கக்கூடாது என்பது ஞாபகம் வந்தது. "என்ன அனந்தம், ஓடறே?" என்றாள் மாமியார். "பால் பொங்கறதும்மா." "அதானே பாத்தேன். உன் காது இருக்கே!"

இன்னொரு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு கிணற்றடியிலேயே நின்றாள். பீன்ஸ் கறி தீயுமட்டும் நின்றாள். உடம்பெல்லாம் அரித்தது. புகை வாசனை கொல்லை வரைக்கும் வந்த பிறகு, இப்போது என்னைத் திட்டுவார்கள் என்று உள்ளே போனாள்.

"ருக்மிணீ!" என்று ஜகதாம்பாள் கத்திக்கொண்டிருந்தாள். "உன்னை யாருடி அடுப்பண்ட போகச் சொன்னா? அவ தண்ணி இறைக்கப் போன நாழியில கறியைத் தீச்சு வெச்சிருக்கியே!"

ருக்மிணி மாடியில் தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பும் கையுமாக இறங்கி வந்து, "நான் அடுப்பண்டையே போகலையே!" என்றாள்.

"பின்னே கறி தானாத் தீஞ்சுதா?"

"நான்தாம்மா கவனிக்காம விட்டுட்டேன்" என்றாள் அனந்தம்.

"நீ அவளுக்கு வக்காலத்து வாங்காதே. இப்படி மூடி மூடித்தான் அவ உருப்படாமப் போறா."

ருக்மிணி அனந்தத்தை ஒரு பார்வை பார்த்தாள். சீப்பைத் தலையில் செருகிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

அனந்தத்துக்கு அது ஆச்சரியமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. அதன் பிறகு கவனித்துப் பார்த்தாள். வீட்டில் எது நன்றாக இருந்தாலும் அது அவள் கணக்கில் போயிற்று. எது கெட்டாலும் ருக்மிணி கணக்கில் போயிற்று. ஒரு நாள் ருக்மிணி போட்ட காபியைக் குடித்துவிட்டு வெங்கடராமன், "மன்னி காபின்னா மன்னி காபிதான்" என்றான். ருக்மிணி பக்கத்தில்தான் நின்றாள். "ஆமாம்" என்றாள்.

மாதத்தில் அந்த மூன்று நாள் அனந்தம் கொல்லைப்புறத்து அறையில் ஒதுங்கி இருப்பாள். அப்போது ருக்மிணிதான் சமைத்தாக வேண்டும். ஆனால் அதற்கு முதல் நாளே அனந்தம் பொடி இடித்து, புளி ஊறப்போட்டு, காயைக்கூட நறுக்கி வைத்துவிடுவாள். ஒதுங்கின இடத்திலிருந்தும் குரல் வந்துகொண்டே இருக்கும். "ருக்கு, பருப்பு வெந்துடுத்து, எறக்கு! ருக்கு, கடுகு போறும்!" மூன்று நாளும் அந்த வீட்டில் ருக்மிணியின் கை வேலை செய்தது, அனந்தத்தின் காது வேலை செய்தது. அது நல்ல காரியம் என்றே அவள் நினைத்திருந்தாள்.

ஐப்பசியில் மாமனார் திவசம். மூத்தவனாகையால் சேஷகிரி முதல் நாளே வந்தான். பெங்களூர்த் தூறல் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. கால் அலம்பினவுடனே அம்மாவின் எதிரில் போய் நின்றான். இந்தத் தடவை வழியெல்லாம் பேசிப் பழகிக்கொண்டு வந்தவன் போல மூச்சு விடாமல் சொன்னான்.

"அம்மா, இந்தத் தடவை அழைச்சுண்டு போறேன். ஆலையில சொல்லிட்டு வந்துட்டேன். இல்லேன்னா வீடு போயிடும். எனக்கு ஹோட்டல் சாப்பாடு ஒத்துக்கலை."

ஜகதாம்பாள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு, "நான் என்ன பேடான்னா சொன்னேன்?" என்றாள். கோபம் வந்தால் அவளுக்குக் கன்னடம் கலக்கும், வேண்டாம் என்பது பேடா ஆகிவிடும். "நாளைக்கு அப்பா திவசம். ருக்மிணி சமைக்கட்டும். அனந்தம் எடுபிடிக்கு மாத்திரம் நிக்கட்டும். பிராமணாளுக்கு ஒரு குறையும் இல்லாம நடந்துதுன்னா, மறுநாள் அழைச்சுண்டு போ. நடக்கலைன்னா இனிமே எங்கிட்ட பத்ராவதிப் பேச்சு வேண்டாம்."

திவசச் சமையல் மற்ற நாள் சமையல் போல இல்லை. மிளகாய் கூடாது, மிளகுதான். பெருங்காயம் கூடாது. மடிப்புடவை கட்டிக்கொண்டு, யாரும் மேலே படாமல் சமைக்க வேண்டும். எச்சில் தெறிக்கும் என்று அடுப்படியில் வாயைத் திறக்கக்கூடாது. ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்கக்கூடாது; பிராமணர்கள் சாப்பிடுகிற வரை அந்தச் சமையலின் ருசி யாருக்கும் தெரியாது. இலையில் தனியாக உப்பு பரிமாறுகிற வழக்கமும் இல்லை. சாப்பிடுகிறவர்களும் நன்றாக இருக்கிறது, நன்றாக இல்லை என்று வாயால் சொல்லக்கூடாது. ஆகவே உப்பு என்பது அடுப்பிலேயே சரியாக விழுந்தாக வேண்டும். அந்த வீட்டில் திவசத்தன்று உப்புப் போடுகிறது அனந்தம்தான். இத்தனை வருஷமும் வேறு கை உப்பு மரவைக்குள் போனதில்லை.

காலையில் இரண்டு பேரும் குளித்து, கொம்பால் எட்டி மடிப்புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். ஜகதாம்பாள் நிலைப்படியில் உட்கார்ந்தாள்.

ருக்மிணி நிதானம். அனந்தத்தால் அந்த நிதானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. ஒரு காயை நறுக்கி முடித்து, அரிவாள்மணையைத் துடைத்து, அதன் பிறகுதான் அடுத்த காயைத் தொடுவாள். அனந்தமாக இருந்தால் இந்நேரம் மூன்று அடுப்பில் மூன்று பாத்திரம் இருக்கும். ருக்மிணி விறகைத் தள்ளி எரியவிட்டு, எரிவதைப் பார்த்து, திருப்தியான பிறகு உருளியை ஏற்றினாள். உப்பை உள்ளங்கையில் எடுத்துக் குவித்து, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் போட்டாள். அதுவும் பாத்திரம் ஏறினவுடனே போட்டாள். கொதி வந்த பிறகு போடுவதுதான் அனந்தத்தின் வழக்கம். இது தப்பு என்று சொல்ல வாய் துடித்தது. பேசக்கூடாது. அனந்தம் விறகை எடுத்துக் கொடுத்தாள். தண்ணீர் கொடுத்தாள். எடுத்துக் கொடுக்க ஒன்றுமில்லாத நேரத்தில், துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். கூடத்தில் ஹோமப் புகை எழுந்தது. சாஸ்திரிகள் மந்திரம் வேகமாகிக்கொண்டு வந்தது. இன்னும் வடை தட்டவில்லை. இன்னும் அதிரசம் எடுத்து வைக்கவில்லை. இது கெட்டுப்போனால் தனக்கு வீடு இல்லை, புருஷன் இல்லை, இந்த அடுப்புதான் என்று அனந்தம் நினைத்தாள்.

ருக்மிணி அரைத்த குழவியை அலம்பக் கொல்லைக்குப் போனாள். அந்த நாழியில் மோர்க்குழம்பு நுரை கட்டி மேலே எழும்பிற்று. பக்கத்து அடுப்பில் கொத்தவரங்காய்க் கறியில் தண்ணீர் சுண்டி ஓசை மாறிற்று. அனந்தத்துக்கு இரண்டும் ஒரே சமயத்தில் கேட்டன. போய் மோர்க்குழம்பை இறக்கினாள். கறியைக் கிளறினாள். அதோடு நின்றிருக்கலாம். நுரை எழும்பினால் உப்பு என்பது அந்தக் கைக்கு இத்தனை வருஷத்துப் பழக்கம். கை மரவைக்குப் போயிற்று, குழம்பில் ஒன்று, கறியில் ஒன்று போட்டது, புடவையில் துடைத்துக்கொண்டது. கை செய்ததை அவள் மனசில் வாங்கிக்கொள்ளவே இல்லை. காது கூடத்தில் மந்திரத்தில் இருந்தது.

திரும்பினாள். ருக்மிணி அலம்பின குழவியோடு கொல்லைக் கதவருகே நின்றிருந்தாள். ஏதோ கேட்பது போல நிமிர்ந்தாள். உடனே குனிந்துகொண்டு உள்ளே வந்து வடைக்கு எண்ணெய் வைத்தாள்.

எல்லாம் நேரத்துக்கு இறங்கிற்று. பிராமணர்கள் இரண்டு பேரும் இலையில் உட்கார்ந்தார்கள். அனந்தம் பரிமாற வந்தாள். மனசு லேசாகிவிட்டிருந்தது. நடந்துவிட்டது, நாளைக்கு ரயில், பீரூரில் வண்டி மாற வேண்டும் என்றெல்லாம் ஓடிற்று. பாயசம், வடை, பாகற்காய், பச்சடி. எல்லாம் போயிற்று. மோர்க்குழம்பு விட்டுப் பிசைந்து முதல் கவளம் வாய்க்குள் போனதும், பெரியவர் மெல்லுவதை ஒரு கணம் நிறுத்தினார். பிறகு மென்றார். தண்ணீரை எடுத்தார். அனந்தம் பார்த்துக்கொண்டே இருந்தாள். சின்னவரும் தண்ணீரை எடுத்தார். கொத்தவரங்காயை ஓரமாக ஒதுக்கினார். இரண்டாம் தரம் மோர்க்குழம்புக் கரண்டியோடு அவள் குனிந்தபோது பெரியவர் இலையின் மேல் கையைக் குறுக்கே வைத்து, மோர் விடச் சொல்லி ஜாடை காட்டினார். மோரை உள்ளங்கை நிறைய நிறைய வாங்கிக் குடித்தார்.

அப்போதுதான் தன் கை மரவைக்குள் போனது அவளுக்கு ஞாபகம் வந்தது. மரவையின் விளிம்பு விரலில் பட்டதுகூட ஞாபகம் வந்தது.

திருப்தியா என்று சேஷகிரி கேட்க வேண்டிய இடத்தில் கேட்டான். திருப்தி என்று அவர்கள் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள். தட்சிணை வாங்கிக்கொண்டு, ஆசீர்வாதம் பண்ணி, தூறலில் குடையைப் பிரித்துக்கொண்டு போனார்கள்.

அதன் பிறகு வீட்டாருக்கு இலை போட்டார்கள். அம்மாவுக்கு மூலையில், பிள்ளைகள் இரண்டு பேருக்கும் கூடத்தில். ஜகதாம்பாள் குழம்பு சாதத்தை வாயில் வைத்தாள். துப்ப முடியாது, விழுங்கினாள்.

"உப்பு" என்றாள். "ஒரே உப்பு."

பிள்ளைகள் இரண்டு பேரும் தண்ணீரை எடுத்தார்கள்.

"இதையா பிராமணாளுக்குப் போட்டோம்? பாவம், வாயைத் தெறக்காம சாப்ட்டுட்டுப் போயிருக்காளே! உங்கப்பா உப்பு ஒரு கல்லு கூடினாத் தட்டைத் தள்ளிடுவார். அவர் திவசத்துல இப்படியா?" அவள் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. "சேஷு, கேட்டுக்கோ. அனந்தம் எங்கயும் போகலை. நான் கண்ணை மூடினப்பறம் வேணா அழைச்சுண்டு போ."

சேஷகிரி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது நான் போட்ட உப்பும்மா" என்றாள் அனந்தம்.

"போதும். கறி தீஞ்சா நான்தான்கறே, உப்புக் கரிச்சா நான்தான்கறே. நீ உப்புப் போட்டா இப்படி இருக்குமா? எனக்குக் கண்ணுதான் தெரியலை, நாக்கு தெரியும்."

"இல்லைம்மா, நெஜமாவே நான்தான். அவ கொல்லைக்குப் போயிருந்தா—"

"அனந்தம், விடேன்" என்றான் சேஷகிரி மெல்ல. அவனும் நம்பவில்லை.

வெங்கடராமன், "ஸ்வல்ப சும்மா இருங்கோ மன்னி. நீங்க சொல்லச் சொல்ல அம்மாவுக்குக் கோபம் ஏறறது" என்றான்.

அனந்தம் ஒரு முகத்திலிருந்து இன்னொரு முகத்துக்குப் பார்த்தாள். சொன்னால் நம்புகிற முகம் ஒன்றுகூட இல்லை. வருஷக்கணக்காக அவளே கட்டின சுவர் அது. அதில் அவளுக்கே வழி கிடைக்கவில்லை.

மோர்ச்சட்டியோடு நின்றிருந்த ருக்மிணி அதைத் தரையில் வைத்தாள். சற்று ஓங்கி வைத்தாள்.

"பாகக்காயைச் சாப்பிட்டுப் பாருங்கோம்மா" என்றாள்.

"என்னது?"

"பாகக்காக் கறி. அதுல மன்னி கை படலை. அதைச் சாப்பிடுங்கோ. அப்பறம் ரசம். அப்பறம் பச்சடி. எல்லாம் நான் போட்ட உப்பு."

ஜகதாம்பாள் இலையைத் தடவிப் பாகற்காயை எடுத்தாள். வாயில் போட்டு மென்றாள். ரசத்தை உள்ளங்கையில் வாங்கினாள். பச்சடியை விரலால் தொட்டுப் பார்த்தாள். வெங்கடராமனும் அவசரமாகப் பாகற்காயை எடுத்துப் போட்டுக்கொண்டான். கூடத்தில் மென்று விழுங்குகிற சத்தம்தான் கேட்டது.

"சரியாத்தான் இருக்கு" என்றாள் ஜகதாம்பாள் கடைசியில். அதைச் சொல்ல அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது தெரிந்தது.

"மோர்க்கொழம்பும் சரியாத்தான் இருந்தது. கொத்தவரங்காயும். ஏத்தும்போதே நான் போட்டாச்சு. மன்னி அதுமேல இன்னொரு தரம் போட்டா. நான் பாத்தேன்."

"பாத்துண்டு நின்னியா? வாயைத் தெறந்து சொல்றதுக்கென்ன?"

"மடியில பேசப்படாதுன்னு நீங்கதானே சொன்னேள்!" என்றாள் ருக்மிணி. சொல்லிவிட்டு, முகம் சிவந்து நின்றாள். பிறகு குரல் இறங்கிற்று. "அதுகூட இல்லை. மன்னி போட்டா சரியாத்தானே இருக்கும். நான் போட்டதுதான் கொறைச்சலாப் போச்சோன்னு நெனைச்சேன். உள்ளங்கையில எடுத்து, நன்னாப் பாத்துப் போட்டவதான். ஆனா மன்னி கை போனதும் எனக்கே சந்தேகமாயிடுத்து."

அந்தக் கடைசி வார்த்தையில் அனந்தத்துக்கு முகத்தில் யாரோ தண்ணீர் தெளித்தது போல இருந்தது. கொல்லை அறையிலிருந்து தான் கத்தின கத்தல் எல்லாம் காதில் கேட்டது. பருப்பு வெந்துடுத்து, எறக்கு. கடுகு போறும். அந்தப் பெண் ஒரு நாளாவது தன் காதால் பருப்பு வேகிறதைக் கேட்டிருப்பாளா? கேட்க விட்டோமா?

"ருக்கு" என்றாள். தரையிலிருந்த மோர்ச்சட்டியை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

ஜகதாம்பாள் மோரை விடச் சொல்லிச் சாப்பிட்டாள். எல்லோரும் மோர் சாதத்தோடு எழுந்தார்கள். ஜகதாம்பாள் கை அலம்பிவிட்டு வந்து மணையில் உட்கார்ந்து, கொஞ்ச நேரம் விரலை மடக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். எல்லோரும் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அவளுக்குக் கண் தெரியாமலே தெரிந்தது.

"நாளைக்கு வண்டிக்குக் கட்டுச்சாதம் கட்டணுமே" என்றாள். "யாரு கட்டப் போறா?"

"நான் கட்டறேம்மா" என்று அனந்தத்தின் வாய் திறக்கப்போயிற்று. பல்லால் உதட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"நான்தான்" என்றாள் ருக்மிணி.

"புளியோதரை குழையாமப் பண்ணு. ஊருக்குப் போற சாதம்." அவ்வளவுதான் ஜகதாம்பாள் சொன்னது. சேஷகிரி சட்டென்று எழுந்து வாசலுக்குப் போய், தூறலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் தோள் குலுங்கிற்று. அழுகிறானா சிரிக்கிறானா என்று அனந்தத்துக்குத் தெரியவில்லை.

மறுநாள் அவளுக்கு வேலை இல்லை. மூட்டை கட்டின பிறகு கூடத்தில் உட்கார்ந்தாள். அந்தக் கூடத்தில் பட்டப்பகலில் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. தூண்கள் எத்தனை தள்ளித் தள்ளி இருக்கின்றன என்பதை அப்போதுதான் பார்த்தாள். உள்ளே ருக்மிணி தாளித்தாள். கடுகு வெடித்து நெடுநேரம் ஆயிற்று, புளி விட்ட சத்தம் வரவில்லை. இப்போது, இப்போது என்று அனந்தத்தின் உடம்பு முழுக்கச் சொல்லிற்று. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். சின்னக் குழந்தை போல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. கடைசியில் புளி விட்ட சத்தம் வந்தது. அவளாக இருந்தால் முன்பே விட்டிருப்பாள். கெட்டுப்போய்விட்டதா என்றால், வாசனை நன்றாகத்தான் வந்தது.

"மன்னி, கொஞ்சம் வந்து பாருங்கோளேன்" என்று ருக்மிணி உள்ளிருந்து கூப்பிட்டாள்.

அனந்தம் பாதி எழுந்துவிட்டாள். பிறகு, "நீயே பாத்துக்கோ ருக்கு. எனக்குத் தலை பின்னிக்கணும்" என்றாள். தலை ஏற்கெனவே பின்னியிருந்தது.

மத்தியானம் ஜட்கா வந்தது. மாமியாரை நமஸ்காரம் பண்ணினபோது, ஜகதாம்பாள் அவள் தலையைத் தடவி, காதைத் தடவி, "வெயில்ல போறே, முக்காடு போட்டுக்கோ" என்றாள். வெயிலே இல்லை. ருக்மிணி கட்டுச்சாத மூட்டையைக் கொடுத்தாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. "போய்ட்டு வாங்கோ மன்னி." "வரேன்."

வண்டி தெருக்கோடியில் திரும்புகிறபோது அனந்தத்துக்குப் படபடவென்று வந்தது. கிணற்றுக் கயிறு நைந்திருக்கிறது, சொல்லவில்லை. சாயங்காலப் பால்காரன் தண்ணீர் கலக்கிறவன், சொல்லவில்லை. மாமியார் கண்ணுக்கு விடுகிற மருந்து மாடப்பிறையில் இருக்கிறது, அதைச் சொன்னோமா?

"வண்டியைச் செத்த நிறுத்தச் சொல்லுங்கோ" என்றாள்.

சேஷகிரி வண்டிக்காரனிடம் சொன்னான். குதிரை நின்று தலையை உதறிற்று. அனந்தம் பின்பக்கத்துப் படியில் ஒரு காலை வைத்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு வீட்டுப் பக்கம் பார்த்தாள். வாசலில் நின்றவர்கள் உள்ளே போய்விட்டிருந்தார்கள். கதவு ஒருக்களித்திருந்தது. யாரும் ஓடி வரவில்லை. யாரும் கூப்பிடவில்லை. உள்ளிருந்து ருக்மிணி யாரிடமோ உரக்கக் கன்னடத்தில் வாதாடுகிற குரல் மாத்திரம் வந்தது. வேலைக்காரியாக இருக்க வேண்டும், இல்லை கீரைக்காரி. குரலில் தயக்கமே இல்லை.

"என்ன, ஏதாவது மறந்துட்டியா?" என்றான் சேஷகிரி. "போய் எடுத்துண்டு வரட்டுமா?"

அனந்தம் காலை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மூட்டையை மடியில் இழுத்துக்கொண்டாள்.

"ஒண்ணும் மறக்கலை" என்றாள். "போகச் சொல்லுங்கோ."

அது உண்மைதான்; சொல்லாமல் விட்டதை ருக்மிணி பார்த்துக்கொள்வாள். ஸ்டேஷன் போய்ச் சேருகிற வரைக்கும் அந்த உண்மை அவளுக்கு என்னவோ போல இருந்தது.